கூட்டமைப்புக்கு ஒரு வலைத்தளம், ஊராட்சிக்கு ஒரு பக்கம்

(நமது வட்டாரக் கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் கணினிப் பயிற்றுநர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர இயலாத உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால், அவர் பேசியபடியே இங்கே தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கலாம்.)



இன்றைய கூட்டப் பொருளில் ஐந்தாவதா ஒண்ணு இருக்குது. "ஊராட்சிக் கூட்டமைப்புகளுக்கு வலைத்தளம் அமைப்பது பற்றி." போன மாசமே மூணு ஊராட்சியில இருந்து கடிதம் வந்திருக்கு. ஒருத்தங்க பாய் விக்கணும்னு கேட்கிறாங்க. ஒருத்தங்க சிறுதானிய மாவுக்குக் கேட்கிறாங்க. இன்னொருத்தங்க, "எங்க குழுக்கள் செஞ்ச வேலையெல்லாம் நாலு பேருக்குத் தெரியணும்"னு எழுதியிருக்காங்க. மூணுமே நியாயமான ஆசைதான்.

ஆளாளுக்குத் தனியா ஒண்ணு வெச்சுக்கலாமா, இல்ல எல்லாரும் சேர்ந்து ஒண்ணு வெச்சு அதுக்குள்ள தனித்தனியா பிரிச்சுக்கலாமா? இதுதான் இன்றைக்கு முடிவு செய்ய வேண்டியது. கை தூக்குறதுக்கு முன்னாடி விவரம் தெரிஞ்சிருக்கணும். அதுக்காகத்தான் நான் பேச வந்திருக்கேன்.

வலைத்தளத்துக்கு மூணு பொருள் வேணும்

முதல்ல வேண்டியது பெயர். டொமைன்னு சொல்லுவாங்க. வீட்டுக்குக் கதவு எண் மாதிரி. இதை யாரும் ஒரேயடியா விலைக்கு வாங்க முடியாது. வருஷக் கணக்குல பணம் கட்டிப் பதிவு செய்யணும், தவணை முடியும்போது புதுப்பிக்கணும். புதுப்பிக்காம விட்டா பெயர் கைவிட்டுப் போயிடும், வேற யாரும் எடுத்துக்கலாம்.

ரெண்டாவது இடம். ஹோஸ்டிங்னு சொல்லுவாங்க. நம்ம படம், எழுத்து எல்லாம் எங்கேயோ இருக்கிற ஒரு பெரிய கம்ப்யூட்டர்ல, அதாவது சர்வர்ல, இருக்கும். அந்த இடத்துக்கு வாடகை.

மூணாவது மென்பொருள். எழுதினதைப் பக்கமா அடுக்கிக் காட்டுறது இதுதான். வேர்ட்பிரஸ்னு ஒண்ணு இருக்குது. 2003-ல அமெரிக்காவைச் சேர்ந்த மேட் முல்லன்வெக், இங்கிலாந்தைச் சேர்ந்த மைக் லிட்டில் ரெண்டு பேரும் தொடங்கினது. பி2-ன்னு அதுக்கு முன்னாடி இருந்த ஒரு மென்பொருள்ல இருந்து வளர்த்தது. இதுக்குக் காசு கிடையாது. யாரும் எடுத்து நிறுவலாம், மாத்தியும் அமைக்கலாம். தமிழ்ல தாராளமா எழுதலாம்.

ஆக, மென்பொருள் இலவசம். பெயருக்கும் இடத்துக்கும்தான் பணம். இதை மனசுல வெச்சுக்கோங்க.

பன்னிரண்டு வீடா? ஒரு வீட்டில் பன்னிரண்டு அறையா?

12 ஊராட்சியும் தனித்தனியா வெச்சா, 12 பெயர், 12 இடம், 12 தடவை நிறுவணும். மென்பொருளுக்குப் புதுப் பதிப்பு வந்துக்கிட்டே இருக்கும். அதை ஏத்தலைன்னா, பழைய ஓட்டை வழியா திருடன் உள்ளே வருவான். 12 இடத்துலயும் யாரு மறக்காம ஏத்துறது? நம்ம கிட்ட கணினி தெரிஞ்சவங்க ஆறு பேர்தான். அவங்களுக்கும் வீட்டு வேலை, காட்டு வேலை இருக்குது.

இதுக்கு ஒரு வழி ரொம்ப நாளாவே இருக்குது. வேர்ட்பிரஸை ஒரே ஒரு தடவை நிறுவி, அதுக்குள்ளேயே எத்தனை தளம் வேணும்னாலும் தனித்தனியா நடத்தலாம். அயர்லாந்துக்காரர் டொனகா ஓ கீவ் அந்தப் பழைய பி2-வையே பல பேர் தனித்தனி வலைப்பதிவு நடத்துற மாதிரி மாத்தி அமைச்சார். அது பிறகு வேர்ட்பிரஸ் எம்.யூ.ன்னு வளர்ந்தது. 2010 ஜூன் மாசம் வேர்ட்பிரஸ் 3.0 பதிப்பு வந்தபோது அதை வேர்ட்பிரஸுக்குள்ளேயே சேர்த்துட்டாங்க. இப்போ அதுக்குப் பேர் மல்டிசைட்.

இது நடக்குமான்னு சந்தேகப்பட வேண்டாம். ஆஸ்திரேலியாவில் 2005-ல ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும்னு எடுபிளாக்ஸ் என்ற சேவை ஆரம்பிச்சாங்க. அது இந்த முறையிலதான் வளர்ந்தது. ஒவ்வொரு ஆசிரியருக்கும் தனிப் பக்கம், அடியில இருக்கிற அமைப்பு ஒண்ணு. அவ்வளவு பேருக்கு ஓடுறது நம்ம 12 ஊராட்சிக்கு ஓடாதா?

எப்படி அமைக்கிறாங்க?

வேலையை நானும் கணினிக் குழுவும் பார்த்துக்குவோம். ஆனா என்ன செய்றோம்னு உங்களுக்குத் தெரியணும். வெளி ஆள் யாராவது இதுக்குப் பெரிய தொகை கேட்டா, எதுக்கு இவ்வளவுன்னு திருப்பிக் கேட்கத் தெரியணும்.

1. முதல்ல வேர்ட்பிரஸை எப்பவும் போல நிறுவணும்.

2. அதுல அமைப்பு விவரம் எழுதின கோப்பு ஒண்ணு இருக்கும். கான்ஃபிக் கோப்புன்னு பேர். அதுல "பல தளம் வைக்க அனுமதி உண்டு"ன்னு அர்த்தம் வர்ற ஒரே ஒரு வரியைச் சேர்க்கணும்.

3. அந்த வரியைச் சேர்த்ததும், டூல்ஸ்ங்கிற பட்டியல்ல நெட்வொர்க் செட்டப்னு புதுசா ஒண்ணு வரும். அதுல முகவரி எப்படி இருக்கணும்னு கேட்கும். ரெண்டு வகை உண்டு. ஊர்ப் பெயர் முன்னாடி வர்றது சப்டொமைன். கூட்டமைப்புப் பெயர் முதல்ல, ஒரு சாய்கோடு, அப்புறம் ஊர்ப் பெயர் வர்றது சப்டைரக்டரி. முதல் வகைக்குச் சர்வர்ல கூடுதல் ஏற்பாடு வேணும். நமக்கு ரெண்டாவது வகை சுலபம். எது எடுத்தாலும் முதல்லயே யோசிச்சு எடுக்கணும், பின்னாடி மாத்துறது பெரிய தலைவலி.

4. பிறகு அதுவே கொஞ்சம் வரிகளை எழுதிக் கொடுக்கும். அதைச் சொன்ன இடத்துல, ரெண்டு கோப்புல ஒட்டணும். வெளியே வந்து மறுபடி உள்ளே போகணும். முடிஞ்சது. அதுக்கப்புறம் ஊராட்சிக்கு ஒரு பக்கம் திறக்க ரெண்டு நிமிஷம் போதும்.

ஏற்கெனவே நடக்கிற தளத்தையும் இப்படி மாத்தலாம். ஆனா அதுல ஒரு மாசத்துக்கு மேல பழைய பதிவு இருந்தா, சப்டைரக்டரி வகையைப் பொதுவா கொடுக்காது. அதனால புதுசா ஆரம்பிக்கிறதே நல்லது.

இன்னொரு சின்ன விஷயம். பல தளம் வெச்சா, ஒரு படத்தோட அளவு 1500 கே.பி.க்கு மேல இருந்தா ஏத்தாதபடி முதல்ல கட்டுப்பாடு இருக்கும். நம்ம போன்ல எடுக்கிற போட்டோ 3 எம்.பி., 4 எம்.பி. இருக்கும். படம் ஏறலைன்னு பயந்துடாதீங்க. ஒண்ணு அந்த அளவை நாங்க கூட்டி வைக்கணும், இல்லைன்னா நீங்க படத்தைச் சுருக்கி ஏத்தணும்.

எது தனி? எது பொது?

ஒவ்வொரு ஊராட்சியோட எழுத்தும் தனி அட்டவணையில இருக்கும். படங்கள் தனி அறையில இருக்கும். ஒரு ஊராட்சிப் பொறுப்பாளர் இன்னொரு ஊராட்சிப் பக்கத்துல கை வைக்க முடியாது.

ஆட்களோட கணக்கு மட்டும் பொது. ஒருத்தருக்கு ஒரு பயனர் பெயர், ஒரு பாஸ்வேர்டு. அதே ஆள் தன் ஊராட்சியில பொறுப்பாளரா இருக்கலாம், கூட்டமைப்புப் பக்கத்துல வெறும் எழுத்தாளரா இருக்கலாம். பயனர் பெயர் வைக்கும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தும் எண்ணும் மட்டும் போடணும், புள்ளி, கோடு எதையும் ஏத்துக்காது.

பக்கத்தோட தோற்றத்துக்குத் தீம்னு பேர். கூடுதல் வேலைக்குச் சேர்க்கிறது பிளக்இன். இந்த ரெண்டையும் தலைமை நிர்வாகி மட்டும்தான் கொண்டுவந்து நிறுவ முடியும். அவர் அனுமதிச்ச தீம்களில் இருந்து ஊராட்சி தனக்குப் பிடிச்சதை எடுத்துக்கலாம்.

யாருக்கு என்ன அதிகாரம்?

இது நமக்குப் புதுசில்ல. குழுவுல ஊக்குநர், பிரதிநிதி, உறுப்பினர்னு இருக்கோமில்லையா, அது மாதிரிதான்.

சூப்பர் அட்மின், அதாவது தலைமை நிர்வாகி: எல்லாப் பக்கத்தையும் திறக்கலாம், மூடலாம், அழிக்கவும் செய்யலாம்.
அட்மின்: ஒரு ஊராட்சிப் பக்கத்துக்கு மட்டும் பொறுப்பு.
எடிட்டர்: மத்தவங்க எழுதினதைத் திருத்தி வெளியிடலாம்.
ஆத்தர்: தான் எழுதினதைத் தானே வெளியிடலாம்.
கான்ட்ரிபியூட்டர்: எழுதலாம், ஆனா வெளியிட முடியாது. எடிட்டர் பார்த்த பிறகுதான் வெளியே வரும்.

என்னோட யோசனை, குழுவுல இருந்து எழுதுறவங்க எல்லாரும் முதல்ல கான்ட்ரிபியூட்டரா இருக்கட்டும். ஊராட்சிக்கு ஒருத்தர் எடிட்டரா இருந்து படிச்சுப் பார்த்து விடட்டும். நம்பிக்கை இல்லாம சொல்லலை. கடன் கொடுக்கும்போது ஒருத்தர் எழுத, இன்னொருத்தர் சரிபார்க்கிறோமே, அதே பழக்கம்தான்.

"எங்களுக்குக் கம்ப்யூட்டரே தெரியாதே"ன்னு சில அக்கா கேட்டீங்க. போன் போதும். போன் கீபோர்டுல மைக் படத்தைத் தொட்டுத் தமிழ்ல பேசினா அதுவே எழுதும். பிழை வந்தா எடிட்டர் திருத்துவாங்க. பாய் நெய்யத் தெரிஞ்ச கைக்கு இது பெரிய வேலை இல்லை.

சேர்ந்திருப்பதில் உள்ள ஆபத்து

நல்லதை மட்டும் சொல்லிட்டுப் போனா சரியில்லை. ஒரே வீடுன்னா, கூரை விழுந்தா எல்லா அறையும் நனையும். சர்வர் நின்னா 12 பக்கமும் நிக்கும். கோளாறான ஒரு பிளக்இன் எல்லாரையும் பாதிக்கலாம். அதனால கண்டதையும் நிறுவக் கூடாது. மாசம் ஒரு தடவை முழுத் தளத்தையும் நகல் எடுத்து, சர்வருக்கு வெளியே நம்ம கையில வெச்சுக்கணும்.

ஒரு பக்கம் நடக்கலைன்னா உடனே அழிச்சுடக் கூடாது. அழிச்சா, நகல் இல்லைன்னா திரும்ப வராது. ஆர்க்கைவ்னு ஒரு வசதி இருக்குது, அதைப் போட்டா வெளியே தெரியாது, ஆனா உள்ளே பத்திரமா இருக்கும்.

எல்லா ஊராட்சிக்கும் இது தேவையா? வருஷத்துக்கு ரெண்டு செய்திதான் போடுவோம்னு சொல்ற ஊராட்சிக்குத் தனிப் பக்கம் வேண்டாம். கூட்டமைப்புப் பக்கத்துலயே அவங்க பெயர்ல ஒரு பிரிவு போதும். தூசி படிஞ்ச பக்கத்தைப் பார்த்தா, வர்றவங்க "இந்தக் குழு இன்னும் இருக்கா?"ன்னு நினைப்பாங்க. அதே மாதிரி, ஆன்லைன்ல பணம் வாங்கிப் பெரிய அளவுல விக்கிற கடைன்னா அதைத் தனியா வைக்கிறதுதான் பாதுகாப்பு.

சாவி யாரிடம்?

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றேன்.

பக்கத்து மாவட்டத்துல ஒரு மகளிர் குழு, பெயர் வேண்டாம். மாவு அரைச்சு, பாக்கெட் போட்டு, நல்லா வித்துக்கிட்டு இருந்தாங்க. உள்ளூர்த் தம்பி ஒருத்தர் ஆசையா தளம் செஞ்சு கொடுத்தார். டொமைன் பெயரைத் தன்னோட ஈமெயில்ல, தன் பெயர்லயே பதிஞ்சார். ரெண்டு வருஷம் அவரே புதுப்பிச்சார். பிறகு வேலைக்கு வெளிநாடு போயிட்டார். "புதுப்பிக்கவும்"னு வந்த கடிதம் எல்லாம் அவரோட பழைய ஈமெயிலுக்குப் போச்சு. ஒருநாள் தளம் திறக்கலை. மாவு பாக்கெட் லேபிள்ல எல்லாம் அந்த முகவரிதான் அச்சடிச்சிருந்தாங்க. பெயரை வேற யாரோ எடுத்துட்டாங்க. அந்தத் தம்பி கெட்ட எண்ணத்துல எதுவும் செய்யலை. ஆனா பெயர் யாருக்குச் சொந்தம்னு குழுவுல யாரும் கேட்கலை, எழுதியும் வைக்கலை.

ஒரு குழுவுக்கு நடந்ததே இவ்வளவு வருத்தம். நாம 12 ஊராட்சியையும் ஒரே சாவியில பூட்டப் போறோம். அந்தச் சாவி ஒருத்தர் பையில இருந்தா என்ன ஆகும்? குழுப் பணத்தை ஒரே ஆள் கையெழுத்துல எடுக்க நாம விடுறதில்லையே. பின்னே இதுக்கு மட்டும் ஏன் விடணும்?

அதனால நான் கேட்டுக்கிறது:

டொமைன் பெயரும் ஹோஸ்டிங்கும் கூட்டமைப்புப் பெயரில்தான் இருக்கணும். என் பெயர்லயும் வேண்டாம், தலைவி பெயர்லயும் வேண்டாம். கூட்டமைப்புக்குன்னு தனி ஈமெயில், அலுவலக போன் எண்.

தலைமை நிர்வாகி ரெண்டு பேர் இருக்கணும். ஒரே பாஸ்வேர்டைப் பகிர்ந்துக்கக் கூடாது. ஆளுக்கு ஒரு கணக்கு. யாரு என்ன செஞ்சாங்கன்னு அப்போதான் தெரியும்.

ஈமெயில், ஹோஸ்டிங் விவரங்களை எழுதி, உறையில போட்டு ஒட்டி, பீரோவில் தீர்மான நோட்டோட வைக்கணும்.

புதுப்பிக்கிற தேதியைத் தீர்மான நோட்டுல எழுதணும். அந்தத் தொகையை வருஷ பட்ஜெட்டிலேயே ஒதுக்கணும்.

பொறுப்பாளர் மாறினா, புது ஆள் பொறுப்பு ஏற்கிற அன்னைக்கே பழைய ஆளோட அதிகாரத்தை எடுத்துடணும். ரெஜிஸ்டர், பாஸ்புக் ஒப்படைக்கிற மாதிரி இதையும் கையெழுத்து வாங்கி ஒப்படைக்கணும். இதுல யாரும் வருத்தப்பட வேண்டாம். நான் போனாலும் என் கணக்கையும் எடுத்துடுங்க.

எதைப் போடலாம்? எதைப் போடக் கூடாது?

பொருள், விலை, பயிற்சித் தேதி, கிராமசபையில நாம வெச்ச கோரிக்கை, நடவு, அறுவடைச் செய்தி, உங்க அனுபவம், சமையல் குறிப்பு எல்லாம் போடலாம்.

போடக் கூடாததைக் கவனமா கேளுங்க. கடன் பாக்கி யாருக்கு எவ்வளவுன்னு பெயரோட ஒருபோதும் போடக் கூடாது. அது குழுவுக்குள்ள பேச வேண்டியது. ஊர் முழுக்க, உலகம் முழுக்கத் தெரிஞ்சா அந்தப் பொண்ணு வீட்டுல என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும். ஆதார் எண், பேங்க் கணக்கு எண், வீட்டு முகவரி, சொந்த போன் எண் எதுவும் கூடாது. உறுப்பினர் படம் போடணும்னா அவங்ககிட்ட கேட்டுட்டுப் போடணும். குழந்தைகள் படம் வேண்டவே வேண்டாம்.

2023-ல நாடாளுமன்றத்துல தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியிருக்கு. ஒருத்தரோட விவரத்தை அவங்க சம்மதத்தோட கையாளணும்ங்கிறது அதோட அடிப்படை. சட்டம் இருக்கட்டும், நம்ம சக பெண்ணோட மானத்தைக் காப்பாத்துறது நம்ம கடமை இல்லையா?

என்ன தீர்மானம்?

இப்போ நாலு விஷயத்துக்குக் கை தூக்கணும்.

ஒண்ணு, கூட்டமைப்புப் பெயரில் ஒரே தளம் நிறுவி, அதில் ஊராட்சிகளுக்குத் தனிப் பக்கம் கொடுப்பது.

ரெண்டு, முதல்ல கடிதம் கொடுத்த மூணு ஊராட்சிக்கு மட்டும் திறப்பது. ஆறு மாசம் நடத்திப் பார்த்து, அதன் பிறகு மத்தவங்களுக்கு.

மூணு, ரெண்டு தலைமை நிர்வாகிகளை இந்தப் பொதுக்குழுவே தேர்ந்தெடுப்பது. அதுல ஒருத்தராவது கணினிக் குழுவுக்கு வெளியே இருக்கிற உறுப்பினரா இருக்கணும். சொல்லிக் கொடுக்க நான் தயார்.

நாலு, போடக் கூடாதவை பட்டியலைத் தமிழில் எழுதி, ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்துலயும் ஒட்டுவது.

மாத்தணும்னு தோணினா இப்பவே எழுந்து சொல்லுங்க. புரியாததைக் கேளுங்க, திருப்பிச் சொல்றேன். புரியாம தூக்குற கை எனக்கு வேண்டாம். முகவரியில எந்த ஊர்ப் பெயர் எப்படி எழுதணும்னு மூணு ஊராட்சியும் பேசி, அடுத்த மாதக் கூட்டத்துக்குள்ள எழுதிக் கொடுத்துடுங்க.



(உரைக்குப் பின் நடந்த விவாதத்தில், தலைமை நிர்வாகிகள் இரண்டு பேருக்குப் பதில் மூன்று பேர் இருக்கட்டும் என்று உறுப்பினர்கள் திருத்தம் கொடுத்தனர். திருத்தத்துடன் நான்கு தீர்மானங்களும் நிறைவேறின.)